மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை

மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை, நீலகிரியில் உதகமண்டலத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட கத்தோலிக்கப் பெண் துறவியர் சபை. 1877-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இதற்கு அனுமதி தந்தார். தமிழகத்தில் ‘எஃப்.எம்.எம். கன்னியர்’ என்றால்தான் பலருக்கும் தெரியும். தலைமை இல்லம் ரோமில் உள்ளது. ஐரோப்பாவில் தொடங்கிக் கப்பலேறி இங்கு வந்த சபைகள் பல உண்டு. இந்தச் சபை தமிழ் மண்ணில் வேலை செய்துகொண்டிருந்த கன்னியரிடையே உருவாகி, இங்கிருந்து உலகத்துக்குப் போனது. அதன் வரலாற்றில் முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

நிறுவனர் எலென் த ஷப்போத்தின் 1839 மே 21 அன்று பிரான்சின் நாந்த் நகரில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1860-இல் கிளாரா மடத்தில் சேர்ந்தார். சில வாரங்களிலேயே உடல்நலம் கெட்டு வீடு திரும்ப நேர்ந்தது. 1864-இல் துலூஸ் நகரில் மரியின் பரிகாரச் சபையில் துறவுடை பெற்று, ‘பாடுகளின் மரி’ என்ற பெயரை ஏற்றார். மறு ஆண்டே, நவகன்னியாக இருக்கும்போதே, மதுரை மறைபரப்புத் தளத்துக்கு அனுப்பப்பட்டார். இயேசு சபையினர் பொறுப்பில் இருந்த அத்தளத்தில், உள்நாட்டுக் கன்னியர் சபை ஒன்றை உருவாக்கிப் பயிற்றுவிப்பது பரிகாரச் சபையினருக்குத் தரப்பட்ட முக்கிய வேலை. 1867-இல், 28 வயதில், அவர் மாநிலத் தலைவியானார். திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, திருச்செந்தூர் அருகே அடைக்கலாபுரம் ஆகிய மூன்று இடங்களின் மடங்கள் அவர் பொறுப்பில் வந்தன. 1874-இல் உதகமண்டலத்தில் புதிய இல்லம் ஒன்று தொடங்கப்பட்டது. உதகை அப்போது மதுரைத் தளத்தைச் சேர்ந்ததன்று. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர் நடத்திய கோயம்புத்தூர் தளத்தில் இருந்தது. இந்த எல்லை வேறுபாடு பின்னால் பெரிதும் உதவியது.

மதுரைத் தளத்தின் மடங்களில் நெடுநாளாக இருந்துவந்த கருத்து வேறுபாடுகள் 1876-இல் முற்றின. அங்கிருந்த 33 கன்னியரில் 20 பேர் பரிகாரச் சபையைவிட்டு வெளியேறி உதகையில் ஒன்றுகூடினார்கள். பாடுகளின் மரியும் அவர்களில் ஒருவர். கோயம்புத்தூரின் அப்போஸ்தலிக்க விகார் ஜோசப் பர்தூ அவர்களை ஏற்றுக்கொண்டார். சபையைவிட்டு வந்த இருபது பெண்கள், தாய்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்பதே தெளிவில்லாத நிலையில் இருந்தார்கள். கலைந்து ஊர் திரும்பியிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். பாடுகளின் மரி தோழியர் சிலருடன் ரோமுக்குப் போய் நேரில் முறையிட்டார். 1877 ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்கள் திருநாளில், ‘மரியின் மறைபரப்புச் சகோதரிகள்’ என்ற பெயரில் தனிச் சபையாக இயங்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் சேன் பிரியூ நகரில் நவகன்னியர் இல்லம் திறக்கப்பட்டது. சேர வந்த பெண்களின் எண்ணிக்கை விரைவாகப் பெருகியது.

‘பிரான்சிஸ்கன்’ என்ற அடைமொழி பிறகு வந்து சேர்ந்தது. 1882 அக்டோபர் 4 அன்று, அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளில், நிறுவனர் ரோமின் ஆராசேலி ஆலயத்தில் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்க்கப்பட்டார். அதற்கடுத்த ஆண்டே தலைவி பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரணை நடத்தச் செய்தார். குற்றமேதும் இல்லை என்று தெளிந்தது. 1884 ஜூலையில் கன்னியர் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1885-இல் சபை பிரான்சிஸ்கன் குடும்பத்துடன் முறையாக இணைக்கப்பட்டது. 1896-இல் அதன் சட்டதிட்டங்கள் இறுதி ஒப்புதல் பெற்றன.

இச்சபையின் அன்றாடம் இரண்டு தூண்களில் நின்றது: நற்கருணை ஆராதனை, கை உழைப்பு. எம்பிராய்டரி, நெசவு, தையல் என்று ஏழைப் பெண்களுக்கான தொழிற்கூடங்களைப் பல ஊர்களில் கன்னியர் நடத்தினார்கள். ஆலயத்துக்கான திருவுடைகளும் சாதாரண வீட்டுத் துணிகளும் அங்கே தைக்கப்பட்டன. பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது, தொழிலும் கைவந்தது. மறைபரப்பு என்றால் போதிப்பது மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்தத் தையற்கூடங்களைக் கவனிக்கவேண்டும்.

கொழும்புப் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்க இச்சபையினர் 1886-இல் இலங்கை வந்தார்கள். அதே ஆண்டு சீனாவின் யந்தாய் துறைமுகத்திலும் கால் வைத்தார்கள். ஜப்பானின் குமமோட்டோவில் ஹொன்மியோஜி கோயிலைச் சுற்றித் தொழுநோயாளிகள் பிச்சை எடுத்து வாழ்ந்தார்கள். அவர்களுக்காகப் பிரெஞ்சுக் குரு ழான் மரி கோர் விடுத்த அழைப்பை ஏற்று, 1898-இல் ஐந்து கன்னியர் அங்கே போனார்கள். பர்மாவின் மந்தலே தொழுநோய் இல்லத்திலும் இவர்கள் பணி செய்தார்கள். பிள்ளைகளும் உறவினரும் தொடத் தயங்கிய புண்களைக் கழுவிக் கட்டியவர்கள் இவர்கள். இதைச் சொல்லும்போது மரியாதையை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சீனாவில் இச்சபை கொடுத்த விலை பெரிது. ஷான்சி மாநிலத் தலைநகர் தையுவானில் அநாதைக் குழந்தைகளைக் காக்க 1899-இல் ஏழு கன்னியர் போய்ச் சேர்ந்தார்கள்: பிரான்சைச் சேர்ந்த மூவர், இத்தாலியைச் சேர்ந்த இருவர், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒருவர், நெதர்லாந்தைச் சேர்ந்த ஒருவர். தலைவி மரி எர்மின். மறு ஆண்டு பாக்ஸர் கிளர்ச்சி மூண்டது. சீன உடை உடுத்தித் தப்பிப் போகும்படி ஆயர் கிராசி சொன்னபோது கன்னியர் மறுத்து உடனிருந்தார்கள். 1900 ஜூலை 9 அன்று ஆளுநர் யூசியானின் ஆணைப்படி ஆயர்கள், குருக்கள், பணியாளர்களுடன் ஏழு பேரும் கொல்லப்பட்டார்கள். 2000 அக்டோபர் 1 அன்று அவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

அந்த மாநிலத்தைச் சபை கைவிடவில்லை. அங்கே போக முன்வந்தவர்களில் மரிய அசுந்தா பல்லோத்தா ஒருவர். இத்தாலியில் ஃபோர்சே என்ற சிற்றூரின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ரோமுக்கு அருகே கிரோத்தாஃபெராத்தா மடத்தில் கால்நடைகளைப் பார்த்துக்கொண்டார், ஒலிவக்காய் பறித்தார். ஷான்சியின் தோங்கெர்கோ அநாதை இல்லத்தில் சமையல் வேலை. போய்ச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1905 ஏப்ரல் 7 அன்று, டைஃபஸ் காய்ச்சலில் 26 வயதில் இறந்தார். 1954-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. சபையின் நிறுவனருக்கு அதே பட்டம் கிடைக்க 2002 வரை ஆனது. அடுப்படியில் நின்ற பெண் முந்திக்கொண்டது இச்சபையின் இயல்புக்குப் பொருத்தமே.

பாடுகளின் மரி 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் காலமானார். அப்போது நான்கு கண்டங்களில் 86 இல்லங்களும் 2,069 கன்னியரும் இருந்தார்கள். உதகையில் இருபது பேர் கூடியதிலிருந்து கணக்கிட்டால் 28 ஆண்டுகள்.

மருத்துவத்தில் ஒரு தடை நெடுங்காலம் இருந்தது. துறவியர் மருத்துவராகவோ மகப்பேறு பார்ப்பவராகவோ பணியாற்றுவதைத் திருச்சபைச் சட்டம் 1936 வரை அனுமதிக்கவில்லை. ராவல்பிண்டியில் பெண் மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரனின் முயற்சியால் எழுந்த புனித கத்தரீன் மருத்துவமனையில் இச்சபைக் கன்னியர் செவிலியராக உழைத்தார்கள். மருத்துவராக இருந்தவர் துறவியல்லாத ஆன்னா டெங்கல். ஆண் மருத்துவர் முன் வர முடியாத பர்தா பெண்களுக்கு அந்த மருத்துவமனை பெரும் புகலிடம். அந்த அனுபவத்திலிருந்தே டெங்கல் 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார்.

தமிழகத்தில் இச்சபையின் பெயரைப் பரவலாக்கியது சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. 1947 ஆகஸ்டு 15 அன்று, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலையும் கூடிய நாளில், சாந்தோமில் 32 மாணவியருடன் தொடங்கியது. பின்னர் கதீட்ரல் சாலைக்கு இடம்பெயர்ந்தது. பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்துவதோடு, சேரிகளிலும் சிற்றூர்களிலும் பெண்களிடையேயும் கன்னியர் பணியாற்றுகிறார்கள். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சபை இயங்குகிறது. ஐரோப்பியர் தொடங்கி வைத்த சபையில் இன்று ஆசியப் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள்.