மாம்புரிக் கரையில் பங்கு என்பது எப்படி உருவானது?

பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வீதியில், நுரைச்சோலைக்குச் சற்று முன்னால் வருவது மாம்புரி. இன்று காற்றாலைகளால் அறியப்படும் இந்தக் கரையின் கத்தோலிக்க வரலாறு, கோயில் கட்டடங்களுக்கு முந்தியது என்றே நான் கருதுகிறேன்.

போர்த்துக்கேயர் காலத்தில் கற்பிட்டியில் வேரூன்றிய மறைப்பணி, 1659இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதும் தடைப்பட்டது. குருக்கள் விரட்டப்பட்டனர். கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசேப் வாஸ் அடிகள், பின்னர் கண்டி அரசின் கீழிருந்த புத்தளத்தில் பணியாற்றி அங்கிருந்து கண்டிக்குச் சென்றார். 1692இல் ஒற்றன் என்ற சந்தேகத்தில் அங்கே சிறை வைக்கப்பட்டார். 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

குரு வருடத்தில் ஓரிரு தடவை மட்டுமே வரக்கூடிய ஊர்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர்களும், சாகக் கிடந்தவருக்குத் துணை நின்றவர்களும் மூப்பர், அண்ணாவி, உபதேசியார் ஆகிய பொதுநிலையினரே. பங்கின் அத்திவாரம் அவர்கள்தான். கத்தோலிக்கர் மீதான சட்டத் தடைகளை ஆங்கிலேயர் நீக்கியது 1806இல்.

அடுத்தது வாடி. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் பருவத்துக்கு வந்து கிடுகு வாடி அடிப்பார்கள். வாடியோடு ஒரு சிலுவையும் வரும், பிறகு சிற்றாலயம். குடும்பங்கள் தங்கிவிட்டால் பங்கு கேட்பார்கள். வடக்கே தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் இவர்கள் எல்லோரையும் கூட்டுகிறது. கொழும்பு உயர்மறைமாவட்டத்திலிருந்து 1939இல் சிலாபம் மறைமாவட்டம் பிரிந்தபின், நிர்வாகமும் கிட்ட வந்தது.

நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம் வந்தபோது, சிலாபம் ஆயர் பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ அதை எதிர்த்தார். தலவிலத் திருத்தலமும் மீனவர் வாழ்வும் பாதிக்கப்படும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆனாலும் முதல் அலகு 2011இல் இயங்கியது. இன்று மூன்று அலகுகள், 900 மெகாவாட்.

என்னை அதிகம் உறுத்துவது மொழி. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, தமிழில் செபித்த பல குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட மொழி வழியே சிங்களவராகிவிட்டார்கள். (பாட்டியின் செபமாலை மட்டும் சில வீடுகளில் தமிழிலேயே நிற்கிறது.) அந்த மாற்றம் வடக்கே நகர்ந்தால், மூப்பர்களும் அண்ணாவிகளும் வாய்வழியாகக் காத்த ஊர்க்கதைகளைக் கேட்டு எழுத ஆளிருக்காது. இப்போதைக்கு அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கிறார்கள். பங்கு இளைஞர் மன்றங்களிடம் கைத்தொலைபேசியும் இருக்கிறது.