எஸ்.டி.டி. பூத்தின் காலமும் அதற்குப் பின்னும்

கைப்பேசி அன்றாட வாழ்வைச் செழிக்கச் செய்ததா, சீர்குலைத்ததா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, அது எந்தப் பழைய காலத்துடன் ஒப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. தமிழகத்தில் கைப்பேசிக்கு முன்பு நிலவியது, பலரும் ஏக்கத்துடன் நினைவுகூரும் கடிதக் காலமன்று. அவ்விரண்டுக்கும் இடையில், 1980களின் இறுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தெருமுனைகளில் மஞ்சள் பலகையுடன் நின்ற, வெளியூருக்குப் பேச உதவிய எஸ்.டி.டி. பூத் என்னும் பொதுத் தொலைபேசித் தொழில், மக்கள் பேசும் முறையையும் காத்திருக்கும் முறையையும் வேலை செய்யும் முறையையும் வகுத்திருந்தது.

அதற்கும் முந்தைய முறை 'ட்ரங்க் கால்' எனப்பட்டது. வெளியூருக்குப் பேச விரும்புபவர் தொலைபேசி நிலையத்தில் எண்ணைப் பதிந்துவிட்டு, அங்குள்ள பணியாளர் இணைப்பைப் பெற்றுத் தரும்வரை பல வேளைகளில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவசர அழைப்புக்குக் கூடுதல் கட்டணமும், அதனினும் விரைவான 'லைட்னிங் கால்' என்பதற்குப் பன்மடங்குக் கட்டணமும் உண்டு. பணியாளரின் துணையின்றிச் சந்தாதாரரே வெளியூர் எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியபோதிலும், வீட்டில் தொலைபேசி வைத்திருந்தோர் மிகச் சிலரே ஆதலால் அதன் பயன் நெடுங்காலம் பொதுமக்களை எட்டவில்லை. 1991இல்கூட நாடு முழுவதும் இருந்த இணைப்புகள் சுமார் 50 லட்சமே. நூறு பேருக்கு ஒன்று என்ற கணக்குக்கும் அது போதாது.

1984இல் தொலைத்தொடர்பு வல்லுநர் சாம் பித்ரோடாவின் முனைப்பில் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் ஆய்வு நிறுவனம், குளிரூட்டி இல்லாமலே வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கக்கூடிய சிறு மின்னணு இணைப்பகங்களை உருவாக்கியது. வீட்டுக்கு வீடு தொலைபேசி தர இயலாத நாட்டில் தெருவுக்கு ஒன்றையேனும் பொதுவில் தரலாம் என்ற எண்ணம் இதனுடன் சேர்ந்தபோது, கமிஷன் அடிப்படையில் தனியாருக்கு உரிமம் வழங்கும் பூத்துகள் பரவின. உரிமம் வழங்குகையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் போரில் கணவரை இழந்தவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது, இந்தியத் தொலைத்தொடர்பு வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் போற்றத்தக்க முடிவாகும். ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியே நடத்தக்கூடிய, முதலீடு குறைந்த, ஊராரின் மதிப்பையும் பெற்றுத்தந்த தொழிலாக அது பல குடும்பங்களைத் தாங்கியது.

பூத்தின் மையம் மீட்டர். தொலைவுக்கும் நேரத்துக்கும் ஏற்ப இணைப்பகம் அனுப்பும் 'பல்ஸ்' எனப்படும் மின்துடிப்புகளை எண்ணிக் கட்டணத்தைச் சிவப்பு எண்களில் காட்டிய அந்தக் கருவி, பேசுபவரின் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்ததால் நலம் விசாரிப்பும் பணக்கணக்கும் செய்தியும் சில நிமிடங்களுக்குள் அடங்கின. இரவு முதிர்ந்தபின் கட்டணம் பகற்கட்டணத்தின் கால் பங்காகக் குறைந்ததால் அந்த நேரத்தில் பூத்துகளின் முன் வரிசை நீண்டது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற கணவரிடமோ மகனிடமோ பேச வந்த பெண்களின் ஐ.எஸ்.டி. எனப்பட்ட வெளிநாட்டு அழைப்புகளுக்கு இந்தச் சலுகை நேரமும் பெரிதாக உதவவில்லை. கண்ணாடிக் கதவு இருந்தும், உள்ளே பேசுவது வெளியே நிற்பவருக்குக் கேட்கவே செய்தது. பூத்துக்காரர் ஊரின் பல குடும்ப இரகசியங்களை விரும்பாமலே அறிந்தவராக இருந்தார். தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ கடை எண்ணையோ 'பி.பி. நம்பர்' என்று குறித்துக் கொடுத்தார்கள். அழைப்பு வந்தால் யாரேனும் ஓடிப்போய் உரியவரைக் கூட்டிவர வேண்டும். இந்த உதவியில் அண்டை வீட்டு நேசம் இருந்தது உண்மையே எனினும், அதில் கடன்பட்ட கூச்சமும், பிறர் காதில் விழப் பேச வேண்டிய கட்டாயமும் இருந்தன. கணவர் வீட்டுக் கொடுமையைத் தாயிடம் சொல்ல விரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தக் காலம் இடமளிக்கவில்லை. கைப்பேசி கொண்டுவந்த தனிமையைக் குறை சொல்வோர் இதை எடையிட்டுப் பார்ப்பதில்லை.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிய, இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு பூத்துகளைப் பாதிக்கவில்லை. அப்போது வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 2006இல் பி.எஸ்.என்.எல். நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்தபோது, தொலைவைக் கொண்டு கட்டணம் வாங்கும் தொழிலுக்கு அடிப்படையே இல்லாமற் போயிற்று. பூத்துகளிற் பல ஜெராக்ஸ் கடைகளாகவும் பிரவுசிங் சென்டர்களாகவும் ரீசார்ஜ் கடைகளாகவும் மாறின. முதலீட்டுக்கு வழியற்றவர்கள் கதவை மூடினர். முன்னுரிமையில் உரிமம் பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு அதற்கு ஈடான வேறொரு தொழிலைப் புதிய தொழில்நுட்பம் ஏற்படுத்தித் தரவில்லை.

வேலையின் தளத்தில் மாற்றம் இரு வேறு திசைகளில் நிகழ்ந்தது. தேநீர்க் கடையிலோ பூத்திலோ செய்தி சொல்லிவைத்துத் தேடப்பட்ட பிளம்பரும் பெயிண்டரும் எலக்ட்ரீஷியனும், தம் எண்ணைத் தாமே கையில் வைத்திருக்கத் தொடங்கியபின் நேரடியாக வேலை பெற்றனர். ஒரு 'மிஸ்டு கால்' போதும், செலவுமில்லை. மாதச் சம்பளக்காரரின் நிலையோ வேறு. பூத்துக் காலத்தில் ஒரு மேலாளர் தம் கீழ்ப் பணியாளரை இரவில் அழைக்க வேண்டுமானால் பி.பி. எண்ணுக்குரிய அண்டை வீட்டாரை எழுப்ப வேண்டும்; அந்தச் சங்கடமே பணியாளரின் மாலைப்பொழுதுக்குக் காவலாக இருந்தது. 2009இல் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப்பும், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மலிந்த இணையமும் அந்தக் காவலை நீக்கின. அலுவலகக் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் ஆணையைப் படித்ததற்கான நீலக்குறி, பார்க்கவில்லை என்று சொல்லும் உரிமையையும் பறித்துவிட்டது. உறவுகளுக்குள் கைப்பேசி தந்த விடுதலையைப் பணியிடத்தில் பெருமளவு பெற்றவர் முதலாளியே. அதற்கான விலையைத் தொழிலாளி தம் நேரத்தால் செலுத்துகிறார்.

பிரான்ஸ் 2017இல், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைத் தன் தொழிலாளர் சட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் இதே நோக்கத்துடன் ஒரு தனிநபர் மசோதாவை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வரைவை, அறிமுகப்படுத்தினார். 1970க்குப் பின் தனிநபர் மசோதா எதுவும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை, இதுவும் சட்டமாகவில்லை.