கணக்கின் இரண்டாம் பிரதி

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி நகரியத்தின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் வடக்குத்து, முந்திரியும் பலாவும் மணிலாவும் விளைகிற செம்மண் பூமியைச் சேர்ந்த ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிப்பட்ட செய்தி அரசாங்கத்தின் காதுக்கு எட்டாமல் போயிருந்தால், இன்றும் அது பண்ருட்டிச் சந்தையையும் வடலூர்த் தைப்பூசத்தையும் கொண்டே தன் வருஷத்தை அளந்துகொண்டிருக்கும். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஸ்தாபிதமாகி, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரிப் படலம் கண்ணுக்குத் தென்பட்டு, மறு வருஷமே மின்சாரமும் பிறந்த பின்னர், மாதந்தோறும் குறித்த நாளில் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் குடியேறின. விதைப்புக்குக் கடன் கொடுத்து அறுவடையில் வசூலித்துப் பழகிய பிரதேசத்தில், சம்பளத் தேதியை நம்பி நடக்கும் வியாபாரம் இவ்விதமாக வேரூன்றியது.

மாதச் சம்பளக்காரர் வாழும் ஊர்களில் மளிகைக் கடைக்காரர்கள் கடைப்பிடித்த பற்று நோட்டு வழக்கத்தை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அறிவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அன்றன்று வாங்கியதைக் கடைக்காரர் தம் பேரேட்டில் அந்த வீட்டாரின் பெயரில் பற்று எழுதுவார். எழுதிய கையோடு, அந்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த சிறு நோட்டிலும் அதே தொகையைக் குறித்துத் திருப்பிக் கொடுப்பார். சம்பளத்தன்று குடும்பத் தலைவர் கடைக்கு வந்து நிற்க, இரண்டையும் அருகருகே விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, கூட்டிப் பார்த்துத் தீர்ப்பார்கள். கடையின் பேரேட்டைக் கறையான் அரித்தாலும், கூரை ஒழுகி மை கரைந்தாலும், வர வேண்டிய பாக்கி முழுவதும் மறைந்து போவதில்லை. அதன் பிரதி துண்டு துண்டாக ஒவ்வொரு வீட்டின் அடுக்களை அலமாரியிலும் பத்திரமாக இருந்தது. அதை நம்பிக்கையின் பேரில் நடந்த வியாபாரம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம்பிக்கை இருந்தது மெய்தான். அந்த நம்பிக்கைக்குத் துணையாக இரண்டு வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

கணக்கைப் புனிதமான பொருளாக மதித்த சமூகம் நம்முடையது. மஞ்சள் தடவிய புதுக் கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழியிட்டு, வரவு என்று எழுதித் தொடங்குவது இன்றும் நின்றுவிடவில்லை. நடந்ததை நடந்தபடி அவசரமாகக் குறிக்கும் சிட்டை, அதைத் தேதி வாரியாக ஒழுங்குபடுத்தும் நாள்வழி, ஆள்வாரியாகப் பிரிக்கும் பேரேடு, எல்லாவற்றையும் திரட்டி நிலைமையைக் காட்டும் ஐந்தொகை என்று ஒரே கொடுக்கல் வாங்கல் பல ஏடுகளில் பல உருவங்களில் ஏறியதால், ஓர் ஏடு தொலைந்தால் மற்றவற்றைக் கொண்டு அதைப் பெரும்பாலும் மீட்டெழுத முடிந்தது. ஆனால் எல்லா ஏடுகளும் ஒரே பெட்டியில் இருந்து, பெட்டியே போய்விட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடையைத் தங்கள் தொழில் முறையிலேயே அமைத்துக்கொண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்.

செட்டிநாட்டில் முதலாளி, ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கடை, அதை நடத்த, பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணையில் கப்பலேறிச் செல்லும் ஏஜெண்டு. முதலாளி கடையைக் கண்ணால் காணாமலே அதன் நிலைமையை அறிந்தாக வேண்டியிருந்தது. ஆகவே அங்கே எழுதப்படும் கணக்கின் சாரமும் ஐந்தொகையும் தபாலில் கடல் கடந்து ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது மாற்ற முடியாத விதியாயிற்று. மேற்பார்வைக்காக ஏற்பட்ட இந்தச் சம்பிரதாயமே பாதுகாப்பாகவும் அமைந்தது. அது எத்தகைய பாதுகாப்பு என்பதை உணர, அவர்களுடைய பர்மா வியாபாரத்தின் அளவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல் ஈடாக வைத்த நிலங்கள் கைமாறியதன் விளைவாக, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால்பங்கு அவர்கள் வசம் வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் வழியாகவும், அரக்கான், அஸ்ஸாம் மலைக் காடுகளின் வழியே கால்நடையாகவும் தாயகம் திரும்பினார்கள். இரும்புப் பெட்டியையும் பேரேட்டுக் கட்டுகளையும் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு எவரால் மலை ஏற முடியும்? 1948இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம் வந்தபோது நிலமும் போயிற்று. பிரதி இருந்ததால் மட்டும் சொத்து மீண்டுவிடவில்லை. அதைப் பிரதியால் தர இயலாது. ஆயினும் இன்னாருக்கு இவ்வளவு, இன்னாரிடமிருந்து இவ்வளவு என்று தன் கணக்கைத் தானே எடுத்துரைக்க வல்லவனுக்கும், நினைவைத் தவிர வேறு சான்று இல்லாதவனுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

இன்னும் ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் சென்றால், நெய்வேலிக்குத் தென்மேற்கே கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடியில் இதனினும் அழகான திருஷ்டாந்தம் கிடைக்கிறது. வைத்தியநாத சுவாமி கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். விமானம் எழுந்த பிறகு, ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், அவை மறுபடியும் கல்லில் ஏறின. அந்தக் கல்வெட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் நிலமும் நெல்லும் விளக்கெரிக்க வேண்டிய நெய்யும் பற்றிய தானக் கணக்குகளே. படியெடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், ஓர் ஆட்சி மாறி அடுத்த ஆட்சி வந்த பின்னும் அந்தப் படியிலிருந்து மூலத்தைத் திரும்ப நிறுவிக் காட்டினார்களே, அந்தச் சிரத்தையை எவ்வளவு போற்றினாலும் தகும்.

வடக்குத்துக்குத் திரும்புவோம். தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் தமிழ்நாட்டுச் சிறு கடைகளின் பேரேடு மெல்ல மெல்லக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. 1986இல் பெங்களூரில் தொடங்கிய ஸ்தாபனம் ஒன்றின் படைப்பான டேலி, கணக்கெழுதும் தொழிலுக்கே மறுபெயர் என்னும்படி பரவியது. கணக்கு முழுவதும் கடையின் மேஜைக்கு அடியில் இருந்த ஒரே பெட்டிக்குள் அடங்கியது. ஜாக்கிரதையான கணக்கர் மாலையில் அதைப் பென் டிரைவில் பேக்கப் எடுத்து வீட்டுக்குக் கொண்டு சென்றார். மற்றவர்கள் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த நாளைக்குள் இயற்கை இரண்டு முறை குறுக்கிட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இப்பகுதியின் முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வேரோடு சாய்த்து, நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் வட்டாரத்தின் கிராமங்களைப் பல நாள் இருளில் ஆழ்த்தியது. 2015 நவம்பரில் ஒரே நாளில் நெய்வேலியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டியை அடுத்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்களில் வெள்ளம் உயிர்களையே கொண்டு சென்றது. அத்தகைய துயரத்தின் நடுவே கணக்குப் புத்தகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பின் காப்பீட்டுக்கும் வங்கிக்கும் மனு எழுத உட்கார்கிறபோது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு, சென்னையில் வளர்ந்த ஜோஹோ முதலிய நிறுவனங்களின் கிளவுட் கணக்கு மென்பொருள்கள் சிறு வியாபாரிகளிடமும் வந்து சேர்ந்தன. கடை நனைந்தாலும் கணக்கு நனையாது. கல்லாவில் இருந்தபடி போடும் பில்லை ஆடிட்டர் தம் அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். செட்டிநாட்டு முதலாளி பல நாள் காத்திருந்து பெற்றதை இவர் அக்கணமே பெறுகிறார். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆயினும் இதில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பதை நம் வியாபாரிகள் போதிய அளவு கவனிக்கவில்லை. முன்பு மூலம் கடையில் இருந்தது, பிரதி வெளியூர் சென்றது. இப்போது மூலமே வெளியூரில் இருக்கிறது, கடையில் ஒன்றும் இல்லை. நிறுவனத்தார் தம் சர்வர்களில் பல பிரதிகள் வைத்திருப்பது உண்மையே. ஆனால் அவை அவர்களுடைய இயந்திரம் பழுதானால் அவர்களைக் காப்பதற்காக ஏற்பட்டவை. நம் கணக்கர் தவறுதலாக ஒரு வருஷத்துப் பில்களை அழித்துவிட்டால், அந்த அழிவும் அவ்வளவு பிரதிகளிலும் உடனுக்குடன் பதிவாகிவிடக்கூடும். வேலையை விட்டு நின்றவரின் கைப்பேசியிலேயே பாஸ்வேர்டு தங்கிப் போவதும், சந்தா கட்டத் தவறிக் கதவு சாத்தப்படுவதும் சர்வரின் குறையால் நேர்பவை அல்ல; அவற்றுக்கு நிறுவனத்தின் பிரதிகள் பரிகாரமும் அல்ல.

சட்டம் இதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான கால அளவுக்குள் மீட்கத்தக்க விதத்தில் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 57ஆம் விதி. பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு 2022 ஆகஸ்டு முதல் கடுமை இன்னும் அதிகம்: இந்திய மண்ணில் உள்ள சர்வரில் அன்றாடம் பேக்கப் இருந்தாக வேண்டும். 57ஆம் விதி மீட்கத்தக்க விதத்தில் என்று சொல்வதை வாசிக்கும்போது எனக்குத் திருமழபாடிதான் நினைவுக்கு வருகிறது. கிளவுட் மென்பொருளிலிருந்து பட்டியல்களாக இறங்கி வரும் கோப்புகள் தகவலைக் காக்குமே தவிர, அவற்றை அப்படியே திரும்ப ஏற்றிப் பழைய நிலையை அடைந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. பில்லோடு இணைத்த ரசீதுப் படங்கள் பல சமயம் அந்தப் பட்டியலோடு சேர்ந்து இறங்குவதுமில்லை. ஆகவே மாதம் ஒரு முறையாவது பேரேடு, விற்பனைப் பில்கள், கொள்முதல் பில்கள், சரக்கு இருப்பு, ஐந்தொகை ஆகியவற்றைத் தனித்தனியே இறக்கி, ரசீதுப் படங்களையும் சேர்த்து, ஒரு பிரதியைக் கடையிலும் மற்றொன்றை வேறோர் ஊரிலும் வைப்பது அவசியம். வடக்குத்து வியாபாரிக்கு அந்த வேறோர் ஊர், ஒரே புயலில் சேர்ந்து சிக்கக்கூடிய கடலூராக இல்லாமல் இருப்பது நல்லது.

ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு அறிக்கையின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். 2023–24ஆம் நிதியாண்டின் கணக்கு என்றால் 2030 டிசம்பர் 31 வரை. அதற்குள் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு மென்பொருளுக்கு மாற நினைக்கும் வியாபாரி, பழைய கணக்கு முழுவதையும் இறக்கி எடுத்து, அதைத் திறந்து, ஐந்தொகை தேறுகிறதா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்த பிறகே அங்கிருந்து விடைபெற வேண்டும்.