ஹைப்போ நீர் எங்கே போயிற்று?

உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். திண்டுக்கல் நகரத்து ஸ்டுடியோ ஒன்றில், திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்து எடுத்த படமாக அது இருக்கலாம். அதில் கறுப்பாகத் தெரிவது மையன்று, வெள்ளி. மிக நுண்ணிய துகளாகப் பிரிந்திருக்கும் வெள்ளி நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும். அந்தப் படத்துக்காகச் செலவான வெள்ளியின் ஒரு பங்குதான் தாளில் தங்கியது. மீதி எங்கே போயிற்று என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

பிலிமிலும் தாளிலும் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட உப்பை டெவலப்பர் கரைசல் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாத உப்பு அப்படியே நிற்கும். அதை நீக்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் படம் முழுவதும் கறுத்துப்போகும். அந்த உப்பைக் கரைத்து எடுப்பதுதான் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்திருந்தார். புகைப்படக் கலை பிறந்த 1839-இல், அழியாத படம் வேண்டும் என்று தவித்தவர்களுக்கு அவரே இந்த வழியைச் சொன்னார். இருபது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்த ஒரு செய்தி திடீரென்று ஒரு கலையைக் காப்பாற்றியது!

நம் பக்கத்துக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்துவிட்டது. சென்னை அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857-ஆம் ஆண்டு இறுதியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் தம் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மதுரைக் கோயிலையும் நாயக்கர் மகாலையும் மெழுகு பூசிய தாள்களில் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியவரும் அவர்தான். அவருக்கு வெளிச்சத்துக்குக் குறைவில்லை, நீர்தான் வேண்டியிருந்தது. ஹைப்போவை முற்றிலும் கழுவாவிட்டால் படம் மஞ்சளித்து மங்கிவிடும். ஆகவே புகைப்படக்காரன் போகும் இடமெல்லாம் குடம் குடமாக நீர் செலவாயிற்று. அந்த நீர் மண்ணில் கொட்டப்பட்டது.

தனி மனிதர் ஒருவர் கொட்டும் நீர் பெரிய தீங்கன்று. ஆனால் ஊருக்குப் பத்து ஸ்டுடியோ, மருத்துவமனைதோறும் எக்ஸ்ரே அறை, சென்னையில் திரைப்பட ஆய்வுக்கூடங்கள் என்று பெருகியபோது நிலைமை மாறிற்று. நன்றாகப் பயன்பட்ட ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும். வெள்ளி அயனி நுண்ணுயிர்களைக் கொல்லும். மீன்களின் செவுள்களைத் தாக்கும். ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: ஹைப்போவோடு பிணைந்திருக்கும் வெள்ளியின் நச்சுத்தன்மை மிகவும் குறைவு. சாக்கடையில் அது கந்தகத்தோடு சேர்ந்து வண்டலில் படிந்துவிடும். உண்மையில், நீரிலுள்ள ஆக்ஸிஜனை ஹைப்போ உறிஞ்சிக்கொள்வதுதான் அதைவிடப் பெரிய தொல்லை.

எப்படியிருந்தாலும் வெள்ளி வெள்ளிதானே! அதை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? பழைய ஹைப்போவை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் வந்தார்கள். வெள்ளியைப் பிரித்தெடுக்கும் முறை எளிது. அதே தத்துவத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது மயில்துத்தத்தை நீரில் கரையுங்கள். தேய்த்துத் துலக்கிய இரும்பு ஆணி ஒன்றை அதில் போட்டு வையுங்கள். சற்று நேரத்தில் ஆணியின் மேல் சிவந்த செம்பு படியும். கரைசலின் நீலம் மெல்ல வெளிறும். இரும்பு தான் கரைந்து செம்பை வெளியே தள்ளுகிறது. (மயில்துத்தம் நஞ்சு. கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள், குவளையை மீண்டும் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.) ஹைப்போவில் இரும்புக் கம்பி நாரைப் போட்டால் இதே போல வெள்ளி வெளிவரும். பெரிய கூடங்களில் மின்பகுப்பு முறையில் எஃகுத் தகட்டின்மேல் வெள்ளியைப் படியவைப்பார்கள்.

இவ்வளவு நல்ல சிக்கனத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்றால், ஓடி முடிந்த திரைப்படச் சுருளிலிருந்தும் எடுக்கலாம் அல்லவா? நம் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிஞ்சியவை கொஞ்சமே. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப் படம் 'கீசகவதம்' இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இல்லை. அக்காலத்து நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றின. தாமே சிதைந்தும் போயின. இவை போக, வெள்ளிக்காகக் கழுவப்பட்ட சுருள்களும் ஏராளம். மறுசுழற்சி எப்போதும் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

இனி திண்டுக்கல்லின் மற்றொரு நீருக்கு வருவோம். பிலிமில் வெள்ளி உப்பைப் பிடித்துவைத்திருப்பது ஜெலட்டின். அது மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. ஒரு சில ஜெலட்டின் சரக்குகளில் செய்த பிலிம் மட்டும் ஒளிக்கு நன்றாக வேலை செய்வதேன் என்று கோடாக் நிறுவனத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் தேடிப் போனார். மாடுகள் மேய்ந்த கடுகு போன்ற செடிகளிலிருந்து வந்த அணுவளவு கந்தகச் சேர்மமே காரணம் என்று 1925-இல் அறிவித்தார். திரையில் நாயகன் தெளிவாகத் தெரிவதற்கு எங்கோ ஒரு மாடு கடுகுச் செடியைத் தின்றிருக்கவேண்டும்!

ஆகத் தோலும் பிலிமும் உடன்பிறந்தவை எனலாம். ஆனால் அவற்றின் கழிவுகளுக்கு நேர்ந்த கதி வேறு. திண்டுக்கல்லில் தோல் பதனிடுதல் பழைய தொழில். முன்பு ஆவாரம்பட்டையால் வாரக்கணக்கில் பதனிட்டார்கள். குரோமிய உப்பு அதை ஓரிரு நாளில் முடித்துவிடும். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தியதும் தமிழகத்தில் குரோமிய முறை வேகமாகப் பரவிற்று. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகும். போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தோலில் ஏறாமல் நீரோடு வெளியேறும். குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும். தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்போ எங்கும் நிற்காது; மண்ணில் இறங்கி நிலத்தடி நீரோடு நகரும். மழை குறைந்த இந்தச் சமவெளியில், பாறை இடுக்கு நீரை நம்பியிருக்கும் கிணறுகள் உவர்ப்பாக மாறின. தென்னை வாடியது. குடிநீருக்கு ஆத்தூர் காமராசர் அணையையும், பின்னர் தொலைவிலுள்ள காவிரியையும் நகரம் நாடவேண்டியிருந்தது.

வெள்ளியைப் போலவே குரோமியத்தையும் மீட்கலாம். மெக்னீசியம் ஆக்சைடால் அதை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையைச் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. ஆனால் கிலோ குரோமியத்தின் விலை என்ன, கிலோ வெள்ளியின் விலை என்ன! வெள்ளிக்காக வீடு தேடி வந்த வியாபாரி குரோமியத்துக்கு வரவில்லை. உப்பை இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துப்போக ஆளில்லை. அந்த இடத்தில் சந்தை கைவிட்டது, நீதிமன்றம் வரவேண்டியதாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை ஏற்று, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

ஹைப்போவின் காலமும் முடிந்துவிட்டது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை மூடிக்கிடக்கிறது. இன்று கேமராவில் வெள்ளி இல்லை, கழுவும் நீரும் இல்லை. அப்படியானால் படப்பிடிப்பு சுத்தமாகிவிட்டதா?

சிறுமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் படப்பிடிப்பு நடந்தால் போய்ப் பாருங்கள். நடிகரைப் பார்த்த பிறகு, சற்றுத் தள்ளி உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் வண்டியையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகும். மணிக்கு 20 லிட்டர் வீதம் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளில் 540 கிலோ! அதில் எவ்வளவு தேவையானது என்பதை விளக்குகளே சொல்லும். பழைய டங்ஸ்டன் விளக்கு தான் வாங்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூட ஒளியாக்குவது அரிது; மீதியெல்லாம் வெப்பம். அதே ஒளியை எல்.இ.டி. விளக்கு ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். பல காட்சிகளுக்கு ஊர் மின்கம்பியிலிருந்து முறைப்படி தற்காலிக இணைப்பு வாங்கினாலே போதும். பிரிட்டனில் 2011 முதல், ஒவ்வொரு படப்பிடிப்பும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்று கணக்குப் போட 'ஆல்பர்ட்' என்ற ஏற்பாடு இருக்கிறது.

படக்குழு புறப்பட்ட மறுநாளும் அங்கே போங்கள். இரும்புக் கம்பித் துண்டு ஒன்றுகூடக் கிடைக்காது. பழைய சாமான் வாங்குபவர் முந்தியிருப்பார். ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் கோப்பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. வேலியோரத்தில் எத்தனை கோப்பைகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை விலைக்கு வாங்க யாரும் வரமாட்டார்கள்.