கல்லில் இருக்கு, கணினியில் காணோம்

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில்ல சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கு. பழைய எழுத்து தெரிஞ்சவங்க இன்னைக்கும் படிக்கலாம். அதே ஊர்ல எங்க மாமா 1998-ல் தட்டெழுதி வச்ச உப்பளக் கணக்கு? திறந்தா ஒரே கோழிக் கிறுக்கல்!

அப்பல்லாம் ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ராஜ்யம். ஒண்ணுல 'க' இருக்கிற எண்ணுல இன்னொண்ணுல 'ம' உட்கார்ந்திருக்கும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடுச்சு. தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியாக்கங்கள் எல்லாம் அதுல பிறந்ததுதான். மடற்குழு நண்பர்கள் கையில ஏற்கெனவே டிஸ்கி வேற. ஆக, தரமே மூணு! கடைசியில் 1991-லேயே வந்த யூனிகோடுதான் நிலைச்சது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏத்துக்கிச்சு, கூடவே டேஸ்16-ஐயும்.

மாத்துறதுல ஒரு சிக்கல். பழசுல 'கொ'ன்னா கொம்பு, க, கால்னு கண்ணுக்குத் தெரியற வரிசை. யூனிகோடில் 'க' முதல்ல, உயிர்க்குறி அப்புறம். எண்ணோட வரிசையையும் மாத்தணும்.

மாமாவோட எழுத்துரு எந்த மாற்றிக்கும் அடங்கலை. கேட்கலாம்னா மாமாவும் இல்லை. 'உப்பு', 'பாத்தி', 'மூட்டை'ன்னு கட்டாயம் வரக்கூடிய சொற்களைத் தேடிப் பிடிச்சு, எழுத்தெழுத்தா நானே அட்டவணை போட்டேன். மூணாவது ராத்திரி முதல் முழு வரி வந்துச்சு: "மழை. இன்று வேலை இல்லை."

புதுப் பாத்தி கட்டுறவங்க பழைய பாத்தியிலேருந்து ஒரு மடை வெட்டி விடணும், அவ்வளவுதான்.

உங்க பழைய கோப்புகளைக் கடைசியா எப்பத் திறந்தீங்க மக்கா?