மலையகத் தமிழர்: ஒரு மக்களினத்தின் உருவாக்கம்

இலங்கையின் பெருந்தோட்டத் தமிழரை 1911ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பு ‘இந்தியத் தமிழர்’ எனத் தனிப் பிரிவாக வகுத்தது. எனினும், தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்தவர்கள் தனித்ததொரு மக்களினமாகத் திரண்டமைக்குப் பூர்வீகத்தைக் காட்டிலும் தோட்ட வாழ்வும் உரிமை இழப்புமே முதன்மைக் காரணங்களாயின.

1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோது, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளைச் சேர்ந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர்; வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பருவப் பயிராதலால் அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் நிலையாகக் குடியேறின.

நுவரெலியாவுக்குக் கிழக்கேயுள்ள உடப்புசல்லாவை இம்மாற்றம் வேரூன்றிய வட்டாரங்களுள் ஒன்றாகும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக 1904இல் இராகலையை எட்டிய இரண்டரை அடி அகல இருப்புப்பாதை உடப்புசல்லாவையின் பெயராலேயே வழங்கியது. அப்பாதை தேயிலையை வெளியே கொண்டுசென்ற காலத்தில், தொழிலாளரின் கடன்தொகையைக் குறித்து, அதைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவர்களை மாற்றிய ‘துண்டு’ முறை நடைமுறையில் இருந்தது. 1921இல்தான் அது ஒழிக்கப்பட்டது. ‘லயம்’ என்னும் வரிசைக் குடியிருப்புகளில் சாதி வேறுபாடு தொடர்ந்ததாயினும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பிரட்டுக்களமும், மாரியம்மன் திருவிழாவும், காமன் கூத்தும் பல ஊராரையும் ஒரே வாழ்வுமுறைக்குள் கொண்டுவந்தன. கோ. நடேசய்யர் தொடங்கிய தொழிற்சங்க இயக்கம் அவ்வாழ்வுக்கு அரசியல் குரல் தந்தது.

அக்குரலைச் சட்டம் ஒடுக்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தோரிடமும் தந்தையின், அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரின் இலங்கைப் பிறப்புக்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த தோட்டங்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களின் விருப்பத்தைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதற்கென ஒதுக்கியது. இத்தகைய சூழலிலேயே, 1960களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் போன்ற கல்விமான்களும் இளைஞர்களும் ‘மலையகம்’ என்னும் உணர்வை வளர்த்தெடுத்தனர்; சி. வி. வேலுப்பிள்ளை முதலிய எழுத்தாளர்கள் அதற்கு இலக்கிய வடிவம் தந்தனர்.

உரால் மலைக்கு அப்பால் குடியேறிய ரஷ்யரின் வழித்தோன்றல்கள் தம்மைச் ‘சைபீரியர்’ எனக் கருதியதும், 19ஆம் நூற்றாண்டில் பொத்தானின், யாத்ரின்த்செவ் ஆகியோர் அப்பகுதியின் உரிமைகளுக்காக வாதிட்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கன. ஆயினும் சைபீரியர் குடியேறிய மண் பெரும்பாலும் உழுவோர் கையில் இருந்தது. மலையகத்தாரோ தாம் பண்படுத்திய மண்ணில் உரிமையற்ற தொழிலாளராகவே வைக்கப்பட்டனர்.

நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவு முடிவுக்கு வந்தது. எனினும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் ஏராளம். மலையகத் தமிழர் இம்மண்ணில் உருவான மக்கள் என்பதை ஏற்கும் அரசு, அவர்களுக்குரிய காணியுரிமையையும் ஏற்றாக வேண்டும். அதுவரை அவ்வேற்பு முழுமை பெறாது.