கடவோமானோம்

அரசு அறிவிப்புகளில் 'மேற்கொள்ளுதல்' என்று வரும் இடங்களில் பெரும்பாலும் பின்னால் ஓர் ஆங்கிலச் சொல் நிற்கிறது: அண்டர்டேக். ஒரு வேலையை ஏற்பது, முடித்துத் தருவதாக வாக்களிப்பது, இரண்டும் அதன் பொருள். நீதிமன்றத்தில் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழியும் அதுதான், அரசின் பொதுத்துறை நிறுவனமும் அதுதான். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து தருபவருக்கும் இங்கிலாந்தில் அதே வேரிலிருந்துதான் பெயர் வந்தது. அவர்கள் சொல்லில் 'கீழே' இருக்கிறது, நம் சொல்லில் 'மேலே'. சுமை என்னவோ ஒன்றுதான்.

'மேற்கொள்' மொழிபெயர்ப்புக்காகச் செய்த சொல் அல்ல. வினை மேற்கொள்வது பற்றிக் குறளே பேசுகிறது. ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் பேச்சில் யாரும் எதையும் 'மேற்கொள்வதில்லை'. "நான் பாத்துக்கிறேன்" என்பார்கள். "எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கிட்டு செய்வா" என்பார்கள். திருவிழா என்றால், "அஞ்சாம் நாள் மண்டகப்படி எங்களோடது". இந்த மூன்றிலும் ஆள் இருக்கிறார். நான், அவள், நாங்கள்.

கல்வெட்டுகளிலும் அப்படித்தான். குடுமியான்மலை, திருக்கோகர்ணம், நார்த்தாமலை என்று இம்மாவட்டம் முழுக்கக் கல்லில் எழுத்து. அன்றைய சமஸ்தானம் 1929இல் அவற்றைத் தொகுத்து நூலாக அச்சிட்டது. பொதுவாகத் தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்த சொல் 'கடவோமானோம்'. விளக்கு எரிக்கக் கடவோமானோம், நெய் அளக்கக் கடவோமானோம். கடன், கடமை என்ற சொற்களின் குடும்பம் இது. "செய்கிறோம்" என்று சொன்னால் அது வாக்கு. "செய்யக் கடமைப்பட்டவர்கள் ஆகிவிட்டோம்" என்றால் ஆளே மாறிவிட்டார் என்று பொருள்.

அந்தக் கடமையின் கணக்கு துல்லியமானது. முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுத்த பெரிய கோயிலில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். பல ஊர்களில் 90 ஆடு. இவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா என்ன? சாகும். செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது, இடையர்தான் ஈடுகட்ட வேண்டும். அவர் தவறினால் பொறுப்பேற்கப் புணையாக உறவினர்களின் பெயர்களையும் தஞ்சைக் கல்வெட்டுகள் வரிசையாக எழுதிவைத்தன. கொடை கொடுத்தவருக்குப் புண்ணியம், மேய்த்தவருக்குத் தலைமுறைச் சுமை. ஏற்றவர்கள் எல்லாரும் விரும்பித்தான் ஏற்றார்களா என்று கல் சொல்வதில்லை.

ஏற்றவர் மேலே ஏறிய கதையும் இதே மண்ணில் உண்டு. சோழ, பாண்டிய அரசுகள் தளர்ந்த நூற்றாண்டுகளில், ஊரைக் காக்கும் பொறுப்பான 'பாடிகாவலை' ஊரார் அரையர்களிடம் ஒப்படைத்தார்கள். பல இடங்களில் விலைக்கே விற்றார்கள். காவலுக்கு ஈடாக விளைச்சலில் பங்கும் வேறு வரவுகளும் காவல்காரருக்குப் போயின. காவல் காப்பதாக வந்தவர் மெல்ல உரிமைக்காரர் ஆனார், சில இடங்களில் ஆள்பவரும் ஆனார். பொறுப்பை ஏற்பது அதிகாரத்துக்கு வாசலாகவும் இருந்திருக்கிறது.

ஆக, பழைய முறையை நான் பொற்காலமாக்கவில்லை. ஆனால் அதில் ஒன்று தெளிவாக இருந்தது: யார் ஏற்றார், எதற்கு, எவ்வளவு, தவறினால் யாரைக் கேட்பது. இன்று ஒரு கண்மாய்க் கரையில் பலகை நிற்கிறது: "தூர்வாரும் பணி மேற்கொள்ளப்பட்டு வருகிறது." வாக்கியத்தில் பணி இருக்கிறது, மேற்கொண்டவர் இல்லை. இதற்கு ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த மொழியிலும் 'நாங்கள்' என்று தொடங்கி எழுத முடியும். செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்வது அலுவலகத்தின் பழக்கம்.

பணியின் பெயரோடு தொகையும் ஆளும் நாளும் எழுதிய பலகைகளும் சில இடங்களில் உண்டு. அவற்றின் முன் நின்று ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பதைப் பார்க்கலாம். பெயர் இருந்தால்தானே கேட்க முடியும்?